கண்ணாடி உடையவில்லை

முதல் விசில். இன்னும் ஏழு. இந்த மலையில் விளைகிற அவரைக்கு எட்டு விசில் வேண்டும், அதுவும் சிறு தீயில், நிதானமாக. அவசரப்பட்டால் தோல் குழைந்து உள்ளே கல்லாக நிற்கும். இங்கே விளைவது எதுவும் லேசில் இளகாது. இருபத்தெட்டு வயதில் புவியியல் டீச்சராக இந்த ஊருக்கு வந்தபோது நான் இளகித்தான் இருந்தேன். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு மேகம், மேகம் என்று முணுமுணுத்தேன். இப்போது அறுபத்தேழு. மேகம் என்றால் காயாத உள்பாவாடை, சுவரில் பூக்கும் பூஞ்சணம், முழங்காலில் ஒரு குடைச்சல். பன்னிரண்டு நாள் விடாமல் பெய்து இன்று விடிகையில் மழை நின்றிருக்கிறது. நின்றால் நிம்மதி வர வேண்டும். வரவில்லை. தகரக் கூரையில் அத்தனை நாள் கொட்டியது ஓய்ந்ததும் காதுக்குள் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருக்கிறது, அந்தப் பள்ளத்தில் சின்னச் சின்னச் சத்தங்கள் வந்து உட்காருகின்றன. கூரை விளிம்பு சொட்டுவது, அடுப்பு சீறுவது, எங்கோ ஒரு கல் இன்னொரு கல்லைத் தொடுவது. அதைக் கேட்கக் கூடாது. பல்லி என்று நினைத்துக்கொள்ள வேண்டும். முதல் கண்ணாடி உடைந்த மாலையிலும் பல்லி என்றுதான் நினைத்தேன்.

ஏழு மணிக்கே சுவர் வெடிப்பைப் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பியாகிவிட்டது. கண்ணாடி உடையவில்லை என்று அடியில் எழுதினேன். இளம்பரிதி பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினான். பெற்ற பிள்ளை காலையில் எழுந்து தாய்க்குக் காட்டுவது கட்டைவிரல். ஏரியைத் தூர்த்த மனையில் வீடு வாங்கினவன் அவன். பெருமழை வந்த வருஷம் முதல் மாடி ஜன்னல் வழியாகப் படகில் இறங்கினான், பால் பாக்கெட்டைக் கயிறு கட்டி மேலே இழுத்தான், அதற்குப் பிறகும் அதே வீட்டுக்குப் புதிதாக வெள்ளை அடித்துக்கொண்டு, அம்மா நீ இருக்கிறது ஆபத்தான இடம் என்கிறான். எங்கே ஆபத்தில்லை, சொல்லேன். கடலோரத்தில் கடல் ஏறுகிறது, ஆற்றோரத்தில் ஆறு, ஏரியில் ஏரி. பூமி யாரையும் இரு என்று சொல்லவில்லை. நாம்தான் அது அசந்திருக்கும் நேரம் பார்த்து வந்து அடுப்பை மூட்டிவிட்டோம். கண்ணாடி உடைந்தால் அன்றைக்கே கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்றிருக்கிறான். வருவான். அந்த வீட்டில் எனக்கென்று ஒதுக்கிய அறையில் துணி காயப்போடும் கம்பி ஸ்டாண்டு நிற்கிறது, போன முறை போனபோது ஈரச் சுடிதார்களுக்கு நடுவே படுத்திருந்தேன், அங்கே நான் அம்மா, பாட்டி, கொஞ்சம் டிவி சத்தத்தைக் குறைங்களேன். இங்கே நான் டீச்சர். பஸ் கண்டக்டருக்கும் டீச்சர், மருந்துக் கடைக்காரனுக்கும் டீச்சர். என்னோடு ஓயாமல் சண்டை போடுகிற கீழ் வீட்டுச் செபமாலைகூட, திட்டுகிறபோதும் டீச்சர் என்று ஆரம்பித்துத்தான் திட்டுவாள்.

மண் பார்க்க வந்த அதிகாரியும் அதைச் சொல்லித்தான் என்னை ஏமாற்றினார். நான் அவரை ஏமாற்றியதாக யாராவது நாளைக்குச் சொல்லலாம். முதலில் ஏமாற்றியது அவர். சமையலறையின் வெளிச்சுவரில், படிக்கட்டைப் பார்த்த பக்கம், மேலிருந்து கீழாக ஓடிய வெடிப்பின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து இரண்டு முனையிலும் வெள்ளைச் சிமெண்ட் அப்பினார். பக்கத்தில் மார்க்கரால் தேதி எழுதினார். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் இது தாங்காதும்மா, பட்டுனு போயிடும், போச்சுன்னா யோசிக்கவே கூடாது, எனக்கு ஒரு போன், அப்புறம் கீழ் லைன் ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு ரோட்டுக்கு ஏறிடணும் என்றார். கீழே நாலு வீட்டுக்காரர்களும் நின்று கேட்டார்கள். மேல் வீடு உங்களுது, முதல்ல அசையறது இதுதான், இந்தக் கண்ணாடி நல்லா இருந்தா எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம் என்றார். பிறகு என்னைத் தனியே அழைத்து, வேறு வெடிப்பு வந்தால் ஒட்டிக்கொள்ள என்று இன்னும் நாலு துண்டும் ஒரு பொட்டலம் சிமெண்டும் கொடுத்தார். நீங்க டீச்சர், படிச்சவங்க, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லியிருக்க வேண்டும். படித்தவளுக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். படிக்காதவள் கண்ணாடி உடைந்தால் வாயில் அடித்துக்கொண்டு ஓடியிருப்பாள். நான் ஒன்பது நாளுக்கு முன்பு, தேநீர் ஆறுவதற்குள், கொட்டாங்கச்சியில் சிமெண்டைக் குழைத்து, பழைய துண்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் ஒட்டினேன். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று சொல்லிக்கொண்டேன். நாளைக்கு மழை விடும். விடவில்லை. ஐந்து நாளுக்கு முன்பு இரண்டாவது. முந்தாநாள் மூன்றாவது. இப்போது சுவரில் இருப்பது நாலாவது, அது உடையாமல் இருக்கிறது, ஆகவே நான் எழுதி அனுப்பியது பொய் இல்லை. இரண்டாவது விசில். கண்ணாடி உடையவில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. உடைந்த மூன்றையும் எறியவில்லை, காலி ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஏன் எறியவில்லை என்று கேட்டால் தெரியாது. விடைத்தாளை எறிய மனம் வராது எனக்கு.

விடைத்தாள் என்று ஏன் வருகிறது. வேண்டாம், அது வேண்டாம், காய்ந்த மிளகாயைக் கிள்ளு, வெங்காயத்தை உரி. நிலச்சரிவு ஏற்படக் காரணங்கள் யாவை, ஐந்து மதிப்பெண். காடழிப்பு, செங்குத்தான சரிவு, தொடர் கனமழை, நீர் வடியும் வழிகளை அடைத்தல், முறையற்ற கட்டடங்கள். ஐந்து காரணம், காரணத்துக்கு ஒரு மதிப்பெண். அமலோற்பவம் ஐந்தையும் வரிசை மாறாமல் எழுதி, கலர் பென்சிலில் ஒரு மலையும் போட்டு, மலையிலிருந்து உருளும் கற்களை வட்டம் வட்டமாக வரைந்திருந்தாள். ஐந்துக்கு ஐந்து போட்டேன். அந்தத் தாளை அவளிடம் கொடுப்பதற்கு முன் மழை வந்தது. முப்பத்தொரு பேர் இருந்த வகுப்பில் மழை விட்டபின் முப்பது பேர். செபமாலையின் மூத்த மகள், பன்னிரண்டு வயது. பதினேழு வருஷம் ஆயிற்று. மரணச் சான்றிதழ் கேட்டு வந்த வரிசையில் நின்றுகொண்டு செபமாலை என்னிடம் அழாமல் சொன்னாள், அன்னைக்குக் காலைல ஊத்துத் தண்ணி நின்னு போச்சு டீச்சர், அவ்வளவு மழைல தண்ணி எப்படி நிக்கும், பைப்புலதான் அடைப்புன்னு நாங்க பைப்பை இடிச்சிக்கிட்டு இருந்தோம். பாடப் புத்தகத்தில் அது இல்லை. காரணங்கள் யாவை என்று கேட்ட புத்தகம், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு மதிப்பெண்ணுக்குக்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு வீடிழந்தவர்களுக்குப் பாதுகாப்பான இடம் என்று சொல்லி என் வீட்டுக்குக் கீழே வரிசையாக நாலு வீடு கட்டிக் கொடுத்தார்கள். மலையை வெட்டித் தட்டையாக்கி, வெட்டிய மண்ணை விளிம்பில் கொட்டி, அதன் மேலே பாதுகாப்பு. மலைக்கு இதெல்லாம் தெரியும். அது அவசரப்படாது. சிறு தீயில் வேகும்.

"டீச்சர்! ஓ டீச்சர்!"

அவள்தான். கீழிருந்து வருகிற அந்தக் குரலுக்குப் படிக்கட்டே தேவையில்லை, நேராக ஜன்னலுக்கு ஏறும். மணி எட்டேகால். ஊற்றிலிருந்து வருவது ஒரே கறுப்புக் குழாய். என் வீட்டுக்குப் பின்னால் அது இரண்டாகப் பிரியும். திருகு உடைந்து வருஷக்கணக்காகிறது, ஆகவே துணியைச் சுருட்டி அடைப்பதுதான் முறை. ஏழிலிருந்து எட்டு எனக்கு, எட்டிலிருந்து கீழ் லைனுக்கு. எட்டு மணிக்கு நான் போய்க் கந்தையை மாற்றி அடைக்க வேண்டும். கோபம் இருக்கிற நாளில் எட்டேகாலுக்குப் போவேன். எட்டரைக்கும் போயிருக்கிறேன். அடைக்கவே இல்லை செபமாலை, காற்று பிடித்திருக்கும் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஆனால் இன்றைக்குப் போனேன். எட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போனேன், படம் எடுத்த குற்ற உணர்வோ என்னவோ. அப்போது என் குழாயில் வந்த தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. மழை என்று நினைத்தேன்.

"முறை எங்களுது டீச்சர்! படிச்ச பொம்பளைக்கு மணி பார்க்கத் தெரியாதா? இங்க மனுசனுக்குக் கால் கழுவத் தண்ணி இல்ல!"

"விடுடி, காலங்காத்தால," என்று உள்ளிருந்து அவள் புருஷன் அந்தோணி. "அந்தம்மாவும் அவரை வேக வைக்க வேணாமா. வாசனை இங்க வரைக்கும் வருது."

"வாசனைய வச்சுக் கழுவிக்க நீ!"

அந்தோணிக்கு வலது தொடையில் கம்பி வைத்திருக்கிறது. தேயிலை லாரியில் இருந்து விழுந்து ஒன்றரை மாதம், கட்டிலோடு படுக்கை. முகாமுக்குப் போகச் சொல்லி வந்தவர்களிடம் செபமாலை என் சுவரைத்தான் காட்டினாள். இந்த மனுசனைத் தூக்க நாலு ஆள் வேணும், அறுபது படி, சும்மாச் சும்மாத் தூக்கிக்கிட்டு அலைய முடியாது, கண்ணாடி உடைஞ்சா டீச்சர் சொல்லுவாங்க. லைனில் இரண்டு குடும்பம் அப்போதே பூட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இவர்களும், பக்கத்து வீட்டு ரீட்டாவும் அவள் புருஷனும். தினம் காலையில் செபமாலை ஆறு படி ஏறி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், சுவரை மட்டும் பார்த்துவிட்டு இறங்குவாள். ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ. எனக்குப் பொய் சொல்ல வராது என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன் இத்தனை வருஷம், கேட்காதவர்களிடம் சொல்லாமல் இருப்பதை என்ன பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது விசில். எழுந்து குழாயைத் திருப்புகிறேன். என் பக்கம் அடைத்திருக்கிறது, வரக் கூடாது, சரி. பின்கதவைத் திறந்து போகிறேன். செருப்பு சேற்றில் மாட்டுகிறது. பிரிவில் இருந்து கந்தையை உருவுகிறேன். ஒன்றும் இல்லை. குழாய்க்குள் விரலை விடுகிறேன், வழவழவென்று களிமண், அதற்குள் ஈரமே இல்லாத ஒரு குளிர். மேலே ஊற்றுத் தண்ணீர் தேங்கும் குண்டைப் பார்க்கிறேன். பன்னிரண்டு நாள் மழைக்குப் பிறகு ஊற்றுக் குண்டின் அடி தெரிகிறது. ஒரு தவளை அங்கே எதற்கோ காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறது.

அத்தனை தண்ணீரும் எங்கே போயிற்று. எனக்குத் தெரியும். உள்ளே. இந்த மண்ணுக்கும் அதன் அடியில் இருக்கும் பாறைக்கும் நடுவே எங்கோ நழுவி அடைந்து நிற்கிறது, மலை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரம் பிடிக்கும். அமலோற்பவம், எவ்வளவு நேரம்டி பிடித்தது. நான் அசையாமல் நிற்கிறேன். பயத்தில் என்றால் மன்னிக்கலாம். பயத்துக்கு முன்னால் வந்தது வேறொன்று, இப்போது சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்ற எண்ணம். என்னை மட்டும் எடுத்துக்கொள் என்று மலையிடம் சொல்லிப் பார்க்கிறேன், உனக்கும் எனக்கும்தானே பகை, நாற்பது வருஷமாக உன்னைத் திட்டுகிறவள் நான்தானே. கேட்காது. ஆள் பார்த்து எடுக்க அதற்குக் கண் இல்லை. கண்ணாடியை ஒரு கண்ணாக அதிகாரி என்னிடம் வைத்துவிட்டுப் போனார், நான் அதில் நாலு முறை குத்தினேன். இல்லை, மூன்று. எண்ணிக்கையில்கூடத் தடுமாறுகிறது. சமையலறைக்குள் வருகிறேன், அரிசி டப்பாவை நகர்த்துகிறேன், நாலாவது விசில் முகத்துக்கு நேரே அடிக்கிறது, பாட்டில் கையில் இருக்கிறது. எடுத்தது நான்தானா.

"செபமாலை! கிளம்புங்க! எல்லாரும் ரோட்டுக்கு ஏறுங்க, இப்பவே!"

படிக்கட்டின் கீழ் முனையில் அவள் பிளாஸ்டிக் குடத்தோடு நின்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்கு?"

"மலை நகருது. ஊத்து நின்னு போச்சு."

"நின்னு போச்சா, நீங்க நிறுத்திட்டீங்களா?" ரீட்டா வாசலுக்கு வந்தாள், பல்லில் பிரஷ்ஷோடு. செபமாலை அவளைப் பார்த்து, "கேட்டியாடி, தண்ணி கேட்டா வீட்டை விட்டே போகச் சொல்றாங்க டீச்சரு," என்றாள்.

"நான் அடைக்கல. சத்தியமா அடைக்கல."

"இதையேதான் போன வாரமும் சொன்னீங்க. அந்தக் கந்தைத் துணிய நானே வந்து உருவினேன்."

"செபமாலை, நேரம் இல்ல. அந்தோணியைத் தூக்கணும்."

"ஏன் டீச்சர் காலைலயே வம்பு பண்றீங்க? இப்பதான் வந்து பார்த்துட்டுப் போனேன். கண்ணாடி நல்லாத்தானே இருக்கு!"

நல்லாத்தானே இருக்கு. என் பொய் எனக்கு முன்னால் சுவரில் நின்று பளபளத்தது. காலை வெயில் பன்னிரண்டு நாளில் முதல்முறையாக வந்து அதன் மேல்தான் விழுந்தது. பக்கத்தில் அந்த அதிகாரி எழுதிய பழைய தேதி. அவள் நம்புவது அதை, என்னை இல்லை, நான் செய்ததிலேயே நன்றாகச் செய்த காரியம் அதுதான். தொண்டையில் சொல் இருக்கிறது, அதைச் சுற்றி வேறு சொற்கள் வந்து நெருக்குகின்றன, மகன், கார், ஈரச் சுடிதார், டீச்சர், டீச்சர். படிகளில் இறங்கினேன். ஆறு படிதான். அவளுக்கு எதிரே நின்று பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினேன். எலுமிச்சை ஊறுகாய் வாசனை வந்தது. ஆறு துண்டு, முனையில் சிமெண்டோடு.

"அது நான் ஒட்டினது," என்றேன். "அவர் ஒட்டினது ஒன்பது நாளுக்கு முன்னாடியே உடைஞ்சிடுச்சு. அப்புறம் நான் ஒட்டினது ரெண்டும் உடைஞ்சிடுச்சு. சுவத்துல இருக்கிறது நாலாவது."

ரீட்டாவின் வாயிலிருந்து நுரை கீழே விழுந்தது. செபமாலை என் உள்ளங்கையைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள், கிட்டப்பார்வைக்காரி, ஒரு துண்டைத் தொடப்போய் விரலை இழுத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப தண்ணி," என்றாள் மெதுவாக. "தண்ணி நீங்க அடைக்கல."

"இல்ல."

குடம் கீழே விழுந்து காலியாக உருண்டது. ஐந்தாவது விசில் அடித்தபோது அவள் வீட்டுக்குள் இருந்தாள். ரீட்டா ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த புருஷன் குமரேசனை உலுக்கி எழுப்பி லுங்கியோடு இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தோணி, "என்னடி, என்னடி ஆச்சு, சொல்லிட்டுத் தூக்குங்களேன்," என்றான். கட்டிலின் தலைமாட்டில் குமரேசன், ரீட்டா. கால்மாட்டில் செபமாலை ஒரு பக்கம். நாலாவது முனையில் ஆள் இல்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பிடிங்க," என்றாள்.

டீச்சர் என்று சொல்லவில்லை. அந்தச் சொல் இருந்த இடம் வெறுமையாகக் காதில் விழுந்தது, மழை நின்றதுபோல. பிடித்தேன். இரும்புக் கட்டில், உள்ளங்கையில் ஒரு கண்ணாடிச் சில்லு தங்கியிருந்திருக்கிறது, பிடிக்கப் பிடிக்க அது உள்ளே போனது, போகட்டும். அறுபது படி. படிகள் பாறை முதுகில் வெட்டியவை, அவை நிற்கும், அவற்றின் ஓரத்து மண்தான் நிற்காது. ஆறாவது படியில் என் வீட்டைக் கடந்தோம், நாலாவது கண்ணாடி அப்போதும் முழுசாக இருந்தது, பாவி, உடைந்து தொலையேன் என்று நினைத்தேன். இருபதாவது படியில் அந்தோணி ஜெபிக்கத் தொடங்கினான். முப்பதில் என் முழங்கால் மடங்கியது. "நிறுத்தாதீங்க," என்றாள் செபமாலை, என் பக்கம் திரும்பாமல். ஆறாவது விசில் எங்களுக்குக் கீழே இருந்து கேட்டது. இது விழாவிட்டால் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. விழாவிட்டால் ஊருக்கு நான் யார். பொய் சொன்னவள், பிறகு பயந்து கத்தினவள், நொண்டி மனுஷனைக் கட்டிலோடு தூக்க வைத்தவள். விழு என்று ஒரு கணம் மலையைக் கேட்டேன், என் காதுக்கே கேட்கும்படி கேட்டேன், நான் ஒரு விஷயத்திலாவது சரியாக இருந்துவிட வேண்டும் என்பதற்காக. அதற்குப் பிறகு என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை.

ரோட்டில் பஸ் நிழற்குடையின் சிமெண்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் கட்டிலை இறக்கினோம். குமரேசன் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். கை முழுக்க ரத்தம், என்னுடையது. வெயில் நன்றாக ஏறி, தேயிலைச் சரிவெங்கும் ஆவி எழும்பியது. பார்க்கிறவர்கள் அழகு என்பார்கள். ஏழாவது விசில். கீழே என் வீட்டுச் சமையலறையில், ஆளில்லாத வீட்டில், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துகொண்டிருந்தது அது. இன்னும் ஒன்றுதான், பிறகு அணைக்க வேண்டும், அணைக்காவிட்டால் தீய்ந்துவிடும், நாற்பது வருஷத்தில் நான் அடுப்பை விட்டுவிட்டு வந்ததில்லை.

"அடுப்பு," என்று எழுந்தேன்.

செபமாலை என் மணிக்கட்டைப் பிடித்தாள். "எங்க போறீங்க?"

"அணைச்சிட்டு வந்துடறேன். ரெண்டு நிமிஷம்."

"உட்காருங்க."

"செபமாலை, விடு."

"உட்காருங்கன்னா உட்காருங்க. எம்பொண்ணும் புத்தகப் பையை எடுத்துட்டு வந்துடறேன்னுதான் உள்ள போனா."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வருஷத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. எட்டாவது விசில் கிளம்பியது. நீளமாக, மலை முழுக்கக் கேட்கும்படி கிளம்பி, பாதியில் நின்றது. பிறகு வந்த சத்தத்தை நான் எழுதத் தெரிந்தவள் இல்லை. அது முடிந்து, கற்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, ரீட்டா அழத் தொடங்கி, அந்தோணி சிலுவை போட்டு, புழுதியாக ஒன்று எழும்பி எங்கள் மேல் ஈரமாகப் படிந்த பிறகும் செபமாலை என் கையை விடவில்லை. அன்பு இல்லை அதில். திருடியைப் பிடித்த பிடி. எலும்பு வலிக்கும்படி பிடித்திருந்தாள்.